எங்க தெருவில் மேலே போன சாமான்கள்

காவேரித் தண்ணீர் படித்துறையின் மேல்படி வரைக்கும் ஏறி வந்து ஊரை எட்டிப் பார்த்துவிட்டுப் போன வருசத்தில், ஆடி வெள்ளி ஒன்றில், வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்கிற நேரத்துக்கு, எங்க விசைத்தறித் தெருவில் யாருக்கும் பிரயோசனமில்லாத சாமான்கள் எல்லாம் தரையை விட்டு மேலே கிளம்பின.

முதலில் கிளம்பியது எதிர்வீட்டு பாவாயி அக்காவின் சப்பாத்தி மிஷின்தான். அக்கா மகன் கல்யாணத்துக்கு ஒறம்பரைச் சனம் யாரோ கொண்டுவந்து கொடுத்தது, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே கிடந்தது. அது பெட்டியோடு எழும்பி, சிமெண்ட் அட்டைக் கூரையைப் போய் முட்டி, நான் கிளம்பட்டுமா என்று கேட்கிற விருந்தாளி மாதிரி டொக் டொக் என்று தட்டிக்கொண்டு நின்றது. அக்கா அண்ணாந்து பார்த்து, "போறதுன்னா போயேன், ஒன்ன யாரு கையப் புடிச்சு இழுத்தா" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டது.

பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் தெரு பூராவும் இதே பேச்சாகிவிட்டது. தறி முதலாளி சென்னியப்பன் வீட்டில், சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார்கள் என்று வாங்கிப் போட்ட ஓடுகிற மிஷின் கிளம்பியது. ஆனால் அது முழுசாகப் போகவில்லை, ஆள் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. வாங்கின நாளில் இருந்து அதன் கைப்பிடியில் வீட்டம்மா ஈரத்துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததால் அவ்வளவு பிரயோசனம் அதற்கு இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. முதுகு பிடித்துவிடுகிற மிஷின், தரையில் தூசி உறிஞ்சுகிற மிஷின், முட்டையை மட்டும் வேகவைக்கிற மிஷின், பூரிக்கட்டை மாதிரி இருந்து பூரிக்கும் ஆகாமல் அடிக்கவும் ஆகாமல் போன என்னென்னவோ ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பின. செல்போன்கள்தான் ஒரு நிலையில் நிற்கவில்லை, மேலே போவதும் கையில் வந்து விழுவதும் மறுபடி போவதுமாகத் தவளைபோலக் குதித்துக்கொண்டே இருந்தன. டவுனில் இருந்து இதைப் படம் எடுக்க ஒரு சேனல்காரர் வந்தார். அவர் கேமரா எங்க தெருமுனை தாண்டியதும் மேலே போய்விட்டதால் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இதற்கெல்லாம் என்ன காரணம் என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை, ஏனென்றால் தறி ஓடிக்கொண்டிருந்தது. சாமான்களைக் கழிவு நூலால் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனோம். அட்டைக்கூரை தூக்கிக்கொள்ளாமல் இருக்க அம்மிக்கல்லை எடுத்து மேலே வைத்தோம். காயலான் கடைக்காரர் வந்து ஒரு பழைய மிஷினைத் தராசில் வைத்துப் பார்த்தார். தட்டு இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. "இந்தக் கணக்குக்கு நீங்கதான் எனக்குக் குடுக்கணுமுங்க" என்று சொல்லித் தராசை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் சண்டை மட்டும் நிற்கவில்லை. பாவாயி அக்கா வீட்டு குக்கர் அசையாமல் அடுப்படியில் உட்கார்ந்திருக்க, விசிலுக்குப் பயந்து தொடாமலே வைத்திருந்த அடுத்த வீட்டில் அதே கம்பெனி குக்கர் கூரைக்குப் போய்விட்டது. அப்படியென்றால் குக்கர் நல்லதா, வெட்டியா? ஆற்றங்கரையில், டீக்கடையில், ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற இடத்தில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் இதுதான் பேச்சு. வருசா வருசம் மாரியம்மன் நோம்பிக்கு வெளியூரில் இருந்து ஆள் வரவழைத்து நடத்துகிற பட்டிமன்றத்தை இந்த வருசம் நாமே நடத்திக்கொள்ளலாம், கண்டுபிடிப்புகளில் மிகுதி பயனுள்ளவையா வெட்டியானவையா என்று பேசிவிடலாம், பேசி முடித்ததும் மேலே நிற்கிற சாமான்களை எல்லாம் பாலத்துக்குக் கொண்டுபோய் நூலை அறுத்து விட்டுவிடலாம், கூரைகளாவது தப்பிக்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அந்த முடிவைக் கேட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் குழந்தைவேல் சொன்னபோது நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏனென்றால் எங்க வீட்டிலும் ஒன்று மேலே போயிருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்க ஊர்ச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். எங்க தெருவில் வீட்டுக்கு வீடு தறிக்குடோன், ராத்திரி பகல் இரண்டு சிப்டும் ஓட்டம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்கு அது சத்தம் என்றே தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். தறி நின்ற அந்த நிமிசத்தில் தெருவில் இருக்கிற கைக்குழந்தைகள் எல்லாம் பயந்து வீரிட்டு அழும், பிறந்ததில் இருந்து கேட்ட தாலாட்டு நின்றுபோன மாதிரி. என் மகள் செவ்வந்தி மட்டும் அழமாட்டாள், தூங்கினது தூங்கினபடியே கிடப்பாள். தெருவே சொன்னது, தங்கமான புள்ள, இப்படியொரு புள்ளையப் பெத்தா இன்னும் நாலு பெத்துக்கலாம் என்று. அவளுக்கு மூன்று வயசாகி இன்னும் ஒரு வார்த்தை வராதபோதுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே பரிசோதனை செய்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார்கள். காது மிஷின் கொடுத்தார்கள், இலவசமாகவே கொடுத்தார்கள், அவர்கள் கை எப்போதும் நன்றாக இருக்க வேண்டும். போட்டுவிட்டால் மட்டும் போதாது, சத்தமில்லாத இடத்தில் கிட்ட உட்கார்ந்து பேசிக்கொண்டே இருங்கள், இந்த வயசு தாண்டிவிட்டால் பேச்சு பிடிப்பது கஷ்டம் என்றும் சொன்னார்கள்.

சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? எங்க வீட்டுச் சுவரும் சென்னியப்பன் முதலாளியின் குடோன் சுவரும் ஒரே சுவர். மிஷினைப் போட்டால் அவளுக்கு என் பேச்சுக்கு முன்னால் தறிதான் கேட்டது, கொஞ்சநஞ்சமாக இல்லை, மொத்தமும் பெரிசாகிக் கேட்டது. அவள் பிடுங்கிப் பிடுங்கி எறிவாள். நான் எடுத்து எடுத்து மாட்டுவேன். அந்த ஆடி வெள்ளிக்குப் பிறகு அவள் பிடுங்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. மாட்டின கொஞ்ச நேரத்தில் அதுவே காதை விட்டு எழும்பி, கவுனில் கோத்திருந்த நூல் எட்டுகிற வரைக்கும் போய், ஒரு சின்னத் தும்பி மாதிரி அவள் தலைக்கு மேலே நிற்கும்.

"புள்ளைய வதைக்காத புள்ள" என்றார் குழந்தைவேல். கோபமாகச் சொல்லவில்லை, அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நம்ம ஊருல காது எதுக்கு? குடோனுக்குள்ள நாங்க வாயாலயா பேசிக்கிறோம்? கையிலதான் பேசறோம். டீ வந்துருச்சுன்னாலும் கை, மொதலாளி வர்றாருன்னாலும் கை, நூல் அறுந்துருச்சுன்னாலும் கை. அதெல்லாம் அவளுக்கு இப்பவே தெரியுது. ராசாத்தியாட்டப் பொழச்சுக்குவா. அந்த மிஷினே சொல்லுது பாரு, நான் ஆகமாட்டேன்னு. நோம்பி முடிஞ்சு எல்லாரும் வுடறப்ப நாமளும் வுட்டுறலாம்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. செவ்வந்தி கையால் என்னிடம் தண்ணீர் கேட்பாள், நிலா காட்டுவாள், பாவாயி அக்கா நடப்பது மாதிரி நடந்து காட்டுவாள். ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், எங்க தெருவைத் தாண்டினால் யாருக்கு அந்தக் கைப்பாஷை தெரியும்? கையும் இருக்கட்டும், காதும் இருக்கட்டும் என்று எனக்கு இருந்தது. சொல்லத்தான் வரவில்லை. நான் மறுபடி சோறு பிசைந்தேன்.

நோம்பி வந்தது. கம்பம் நட்டு, பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்து, தறிகளுக்கெல்லாம் லீவு விட்டாகிவிட்டது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோயில் முன்னால் பட்டிமன்றம். மைக்செட் வேலுச்சாமிதான் நடுவர். மைக் அவருடையது, அதனால் அவரை யாரும் பாதியில் நிறுத்த முடியாது என்பதுதான் அவருக்கிருந்த தகுதி. பயனுள்ளவையே என்று சென்னியப்பன் முதலாளி, வெட்டியானவையே என்று பாவாயி அக்கா. நான் செவ்வந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் ஓரமாக நின்றேன். ஆளாளுக்கு நூலில் கட்டிக் கொண்டுவந்திருந்த சாமான்கள் தலைக்கு மேலே காற்றில் இடித்துக்கொண்டு கிடந்தன. அதற்கு நடுவில் எங்களுடையதுதான் ரொம்பச் சின்னது.

முதலாளி பேசுகிற பேச்சு எப்போதும் கத்தல்தான். நாற்பது வருசமாகத் தறிக்கு மேலே கத்திக் கத்தி அவருக்கு வேறு குரல் கிடையாது. "விசைத்தறின்னு ஒண்ணக் கண்டுபுடிக்கலீன்னா இந்தத் தெருவே இல்லீங்க! எத்தன தூக்குது, எத்தன பறக்குது, ஒரு தறியாவது அசைஞ்சுதா? சோறு போட்டது அது!"

"சோறு போட்டது, வாங்கிட்டுப் போனது என்னன்னு சொல்லுங்க!" என்று அக்கா மைக்கைப் பிடுங்கியது. "உங்க வீட்டம்மா ஒரு சேதி சொல்லோணும்னா உங்க முதுகுலதான அடிச்சுக் கூப்புடுது? எனக்கு என் மகன் என்ன சொல்றான்னு ஒதட்டப் பாத்தாத்தான் தெரியுது. ஊரே செவிடு. செவிட்டு ஊருக்கு ரேடியோ ஒரு கேடா, காலிங் பெல் ஒரு கேடா? உங்க வாசல்லதான அந்த பெல்லு பட்டமாட்டத் தொங்குது?"

"அது தொங்கட்டும், நீ ஒழுங்காப் பேசு!"

"நான் ஒழுங்காத்தான் பேசறேன், அந்த ஓடற மிஷின்மேல நீங்க ஒரு நாளாவது ஏறுனீங்களா? ஏறியிருந்தா இந்தத் தொப்பை எதுக்குங்க இப்படி மேடைக்கு முன்னாடி வந்து நிக்குது?"

கூட்டம் சிரித்த சிரிப்பு கோயில் கோபுரத்துப் புறாவைக் கிளப்பிவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் என் இடுப்பில் செவ்வந்தி திரும்பினாள். சும்மா திரும்பவில்லை, கோவக்காரக் கோழி மாதிரி வெடுக்கென்று மேடைப் பக்கம் திரும்பினாள். தறிச் சத்தம் இல்லாத அன்றைக்கு மைக்கில் வந்த ஏச்சு மிஷின் இல்லாமலே கொஞ்சம் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும். நான் மேலே பார்த்தேன். நூல் தொய்ந்திருந்தது. காது மிஷின் இறங்கிக்கொண்டிருந்தது, அவசரம் இல்லாமல், மழை விட்டபிறகு இலையில் இருந்து நழுவுகிற துளி மாதிரி இறங்கி அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் மாட்டிவிட்டேன். அவள் பிடுங்கவில்லை.

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பக்கத்தவர்களைத் தொட்டுக் காட்டினார்கள். எங்க ஊரில் சேதி கையால்தான் பரவும், சத்தமே இல்லாமல் கூட்டம் பூராவும் பரவி மேடைக்குப் போய்விட்டது. பாவாயி அக்கா வாயைத் திறந்தபடி நின்றது. வேலுச்சாமி மைக்கை ஒரு விரலால் தட்டினார். டொப். செவ்வந்தி சிரித்தாள். மறுபடி தட்டினார். மறுபடி சிரித்தாள். நடுவர் தீர்ப்புச் சொல்லவே இல்லை, அன்றைக்குப் பட்டிமன்றம் அவர் மைக்கைத் தட்டுவதும் என் மகள் சிரிப்பதுமாகவே முடிந்தது. அவள் வாழ்நாளில் முதல்முதலாகக் கேட்ட மனிதப் பேச்சு தொப்பையைப் பற்றிய ஏச்சுதான் என்று அக்காவுக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

வீடு திரும்பியதும் குழந்தைவேல் வாசலில் வந்து உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு, "கண்ணு" என்று கூப்பிட்டார். அவள் அவர் வாயைப் பார்க்காமல் காது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

நோம்பி முடிந்தது. காலையில் தறிகள் ஓடத் தொடங்கின. மிஷின் அவள் காதை விட்டு எழும்பி நூலின் நுனிக்குப் போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம்தான் பாலத்துக்குப் போவதாக இருந்தது. தெருவில் நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை விட்டுவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை, வேறு என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. நான் செவ்வந்தியைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், பக்கத்துக் குடோனுக்குள் போனேன்.

நாலு பேருக்கு முன்னால் நின்று ஒன்று கேட்க எனக்கு வராது. ஆனால் குடோனுக்குள் யாரும் வாயால் கேட்பதில்லை. அந்த இடத்தில் மட்டும் எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. தறியில் பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் முதலாளியின் எதிரில் போய் நின்று, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு தரம் அமுக்கினேன். தறியை நிறுத்து என்று அர்த்தம். அவர் புருவத்தைத் தூக்கினார். நான் மகளைக் காட்டினேன், காதைக் காட்டினேன், மேலே நின்ற மிஷினைக் காட்டினேன், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காட்டினேன். சித்த நேரம். தினமும் சித்த நேரம்.

அவர் என் விரலையே பார்த்தார். ஊடை நூலை இழுத்துக்கொண்டு தறி நாடா இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. தறிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தறி நின்றால் அவர்களுக்கும் துணி குறையும், கூலி குறையும், அது எனக்கும் தெரியும், நானும் தார் சுற்றிப் பிழைக்கிறவள்தான். முதலாளி கையை நீட்டி முதல் தறியின் பிடியைத் தள்ளினார். அது நின்றது. அடுத்த தறியை, அவர் போவதற்குள், அதை ஓட்டிக்கொண்டிருந்தவரே நிறுத்தினார். அதற்கடுத்ததும் நின்றது. குடோன் பூராவும் நின்றபோது, எதிர்க்குடோன் சத்தம் கேட்டது.

"அது ஓடிட்டிருந்தா இது நின்னு என்னங்க பிரயோசனம்!" என்று வாசலில் நின்று கத்தியது பாவாயி அக்கா. கையில் பிடித்திருந்த சப்பாத்தி மிஷின் நூலை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எதிர்க்குடோனுக்குள் போனது. அங்கே என்ன கையைக் காட்டியதோ, எப்படிக் காட்டியதோ, அது நின்றது. அடுத்ததில் இருந்தவர்களிடம் சண்டை போட்டது, அதுவும் நின்றது. தெருமுனை வரைக்கும் ஒவ்வொன்றாக நிற்க நிற்க, சத்தம் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு சுருண்டு போய், கடைசியில் காவேரி ஓடுகிறது கேட்டது. எங்க ஊரில் ஆறு கேட்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மிஷின் இறங்கி வந்தது. நான் மாட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் டீ நேரத்துக்கு எங்க தெருவில் எல்லாத் தறியும் நிற்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. நின்ற நேரத்தைச் சரிக்கட்டச் சில குடோன்களில் காலையில் முன்னாலேயே ஓட்டுகிறார்கள், என் மகளுக்காக விடிகிறதுக்கு முன்னால் எழுந்து போகிற அத்தனை பேர் காலையும் நான் மனசால் தொட்டுக் கும்பிடுகிறேன். அந்தச் சித்த நேரத்தில் யார் வீட்டிலோ மேலே போய்க் கிடந்த ரேடியோ கீழே இறங்கியது, முதலாளி வீட்டு காலிங் பெல் இறங்கியது, ஒரு வீட்டில் பேசிக்கொள்ளாமல் இருந்த அண்ணன் தம்பிகூட ஒருவர் இருமுவது ஒருவருக்குக் கேட்டுப் பேசிக்கொண்டார்கள். இறங்காத சாமான்களை மறு வாரம் பாலத்தில் இருந்து விட்டோம். பாவாயி அக்கா சப்பாத்தி மிஷினின் நூலை அறுக்கிறபோது, "உன் மேல ஒரு தப்பும் இல்ல சாமி, எங்கியாச்சும் சப்பாத்தி திங்கிற ஊராப் பாத்து எறங்கிக்க" என்று சொல்லித்தான் விட்டது. அது வடக்கே பார்த்துப் போனது.

ஆனால் பேசத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. தறி நின்றபிறகும் தெரு பூராவும் கத்திக்கொண்டிருந்தோம், மெல்லப் பேசுவது எப்படி என்று பழகியிருந்தால்தானே. டீ நேரம் ஆனதும் ஒவ்வொருவராக எங்க வாசலுக்கு வந்து குனிந்து என் மகளிடம் ஏதாவது ஒன்று கத்திவிட்டுப் போவார்கள். அதுதான் அவர்கள் அன்பு. அவளும் பொறுத்துக்கொண்டிருந்தாள். நானும் பேசிக்கொண்டே இருந்தேன், அரிசி களையும்போது அரிசியைப் பற்றி, தலை சீவும்போது சிக்கைப் பற்றி, கல்யாணமாகி வந்ததில் இருந்து மொத்தமாக அவ்வளவு பேசியிருக்கமாட்டேன். மழைக்காலம் போய்ப் பனி தொடங்கியது. அவள் கேட்டாள், சிரித்தாள், திரும்பினாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா சொன்ன வயசு போய்க்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் சென்னியப்பன் முதலாளி வந்தார். தினமும் வருகிறவர்தான். வழக்கம்போல முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காது மிஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "செவ்வந்தீ! சாப்ட்டியா!" என்று பாவு அறுகிற மாதிரி ஒரு கத்து கத்தினார்.

அவள் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே, "மெல்ல" என்றாள்.

மூக்கில் வந்த வார்த்தைதான், பாதி உடைந்துதான் வந்தது, ஆனால் தெருவில் எல்லாருக்கும் புரிந்தது. பாவாயி அக்கா டீ டம்ளரை அப்படியே வைத்தது. குழந்தைவேல் குடோன் படியில் நின்றுவிட்டார். எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

  அவள் கையை எடுத்ததும் முதலாளி தொண்டையைச் செருமி, எதையோ தேடுகிற மாதிரி இரண்டு மூன்று தரம் உதட்டை அசைத்துப் பார்த்து, காற்றுப் போகிற அளவுக்கு, "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டார்.

"ம்" என்றாள் செவ்வந்தி.

"என்ன சாப்ட்ட?"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. முதலாளியின் வீட்டம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள்.

"யாரு புள்ள அது," என்று என்னிடம் கேட்டார்கள், "புதுசா யாரோ பேசறாங்களே?"